மேடம் இன்னும் சாப்பிடவில்லை

தட்டு வைத்துக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. மேடம் இன்னும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மதியழகன் சமையலறை வாசல் நிலையில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். பதினாறு வருடமாகக் கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறவன், எழுபது பையன்களை ஒரு கனைப்பில் அடக்குகிறவன், ஒரு நாட்டு நாயின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், முதலில் இவள் ஒரு வாய் சாப்பிடட்டும். சோறு நன்றாகக் குழைந்திருக்கிறது. பருப்பு இருக்கிறது. நெய் ஒரு கரண்டி கூடுதலாகவே இருக்கிறது, அந்த வாசனைக்கு அவனுடைய வயிறே இரைகிறது. மேடம் தட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு மேலே பார்த்தாள். மேலே என்ன இருக்கிறது, மின்விசிறிதான் இருக்கிறது. நேற்றும் இப்படியே பார்த்தாள் என்று விசிறியை நிறுத்தியும் பார்த்தாயிற்று, அவளும் சாப்பிடவில்லை, இவனும் வியர்வையில் நனைந்ததுதான் மிச்சம். மேடம் என்பது கேலிக்கு வைத்த பெயர் இல்லை, அவளுக்குப் பெயரே அதுதான். மாமியார் புஷ்பவல்லி வெளியூர் டெலிபோன் இணைப்பு கொடுக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த காலத்தில் அங்கே மேற்பார்வைக்கு ஒரு அம்மாள் இருந்தாராம். அதட்டவே மாட்டாராம், ஒரு பார்வை பார்த்தால் போதுமாம், எழுந்தவர்கள் உட்கார்ந்துவிடுவார்களாம். பதினோரு வருடத்துக்கு முன்னால் லால்குடியில் மாமியார் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்த குட்டிக்கு அச்சு அசலாக அதே முகம், அதனால் அதே பெயர். இப்போது அந்த முகத்தில் மூக்கைச் சுற்றி நரைத்துவிட்டது. இடது காது பாதியில் மடங்கியிருக்கிறது. பார்வை மட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தாள். திங்கட்கிழமை மாமியாருக்கு மூட்டு மாற்று ஆபரேஷன், மனைவி சுகந்தி ஆஸ்பத்திரியில் துணைக்கு, நாய் இங்கே நாலாவது மாடியில் மாப்பிள்ளையின் பொறுப்பில். கூடவே மாமியார் கைப்பட எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு. இடி இடித்தால் பழுப்புத் துண்டைப் போர்த்தவும். நடக்கும்போது இடது பக்கம் விடவும், வலது பக்கம் விட்டால் நின்றுவிடுவாள். தண்ணீர் எவர்சில்வரில், பிளாஸ்டிக்கில் குடிக்கமாட்டாள். கட்டிலில் ஏறமாட்டாள், ஆனால் ஆள் கட்டிலில் படுத்தாலும் தூங்கமாட்டாள். இந்தக் கடைசி வரியை அவன் முதலில் கவனிக்கவில்லை. முதல் நாள் கட்டிலில் படுத்தான், கண்ணை மூடினால் முகத்தில் மூச்சு, திறந்தால் மூக்குக்கு அரை அடியில் மேடம் நிற்கிறாள், குரைப்பில்லை, முனகலில்லை, வெறுமனே நிற்கிறாள், இவன் தலையணையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் படுத்ததும் ஒரு பெருமூச்சு விட்டுச் சுருண்டுகொண்டாள். மூன்று நாளாக அவன் படுக்கை பாயில்தான். முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது, சொன்னால் சுகந்தி சிரிப்பாள். மேடம் காலை ஐந்து மணிக்கே எழுப்பிவிடுகிறாள். வாஷிங் மெஷின் ஓடினால் அதன் எதிரே போய் உட்கார்ந்து அது நிற்கிறவரை முறைக்கிறாள், அதுவும் கடைசியில் நின்றுதான் போகிறது, ஒவ்வொரு தடவையும் தான் நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு திரும்பி வருகிறாள். எரிச்சல்தான் வர வேண்டும், வந்தது, திங்கட்கிழமை நிறையவே வந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்று நடந்தது. மேஜை ஓரத்தில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தால் மேடம் அந்த மேஜைக்குக் கீழேதான் படுத்திருக்கிறாள், முந்தின நாள் மதியமும் சாப்பிடாதவள், மூக்குக்கு எட்டும் உயரத்தில் பிஸ்கட், ஒன்றுகூடக் குறையவில்லை. அவன் நின்றுவிட்டான். ஹாஸ்டலில் இருந்த நாட்களில் அடுத்தவன் முறுக்கு டப்பாவைத் திறந்து தின்றவன் அவன், பசி என்றால் என்ன என்று தெரிந்தவன், யாரும் பார்க்காதபோது ஒரு உயிர் இப்படி இருக்குமா. எப்பேர்ப்பட்ட பொம்பளை நீ, என்று வாய்விட்டே சொன்னான். மேடம் அதற்கும் மேலேதான் பார்த்தாள்.

இப்போது பன்னிரண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். ஒரு மணி வரைக்கும்தான். கால்நடை மருத்துவர் காலையில் போனில் சொன்னார், அவசரமில்லாத குரலில் சொன்னதுதான் பயமாக இருந்தது. "ஒரு மணிக்குள்ள சோறு இறங்கலன்னா கூட்டிட்டு வந்துடுங்க சார். ரெண்டு நாளா வலிப்பு மாத்திரை உள்ள போகல. குளுக்கோஸ் ஏத்தி, ஊசியில மருந்து போட்டு, இங்கயே வெச்சுத்தான் பாக்கணும். வயசாயிடுச்சு, இப்ப வலிப்பு வந்தா தாங்குமான்னு சொல்ல முடியாது." மாத்திரை வெறும் வயிற்றில் நிற்காது. திங்கட்கிழமை வாயைப் பிளந்து போட்டு மூடினான், ஐந்து நிமிடத்தில் நுரையோடு வெளியே வந்துவிட்டது, அதற்கப்புறம் அவள் அவனைப் பார்த்த பார்வையில் மறுபடி வாயில் போட அவனுக்குத் தைரியம் வரவில்லை, சோற்றுக்குள் புதைத்து வைப்பதோடு சரி. சாயங்காலம் பால் வைத்தால் குடிக்கிறாள். இதுதான் புரியவில்லை. பால் இறங்குகிறது, சோறு இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார், புது இடம், ஏக்கம், என்றார். ஏக்கத்துக்கு அவன் என்ன மருந்து கலக்குவான். வலிப்பு வந்து ஒருமுறை பார்த்திருக்கிறான். லால்குடியில், பொங்கலன்று, கூடத்தில் நடந்துகொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள், நாலு காலும் தண்ணீரில் நீந்துகிற மாதிரி அடித்துக்கொண்டன, கண் திறந்திருந்தது, ஆனால் அந்தக் கண்ணில் மேடம் இல்லை. அவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். மாமியார்தான் கீழே உட்கார்ந்து, அந்தக் காலத்து டிரங்க் கால் கணக்குப் பார்க்கிறவர் மாதிரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு நிமிஷம் ஆச்சு, ரெண்டரை ஆச்சு, வந்துடுவா, வந்துடுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கால்கள், இந்த மொசைக் தரையில், அவன் தனியாக. வேண்டாம். நினைக்காதே. ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் மாமியார் அவனைக் கிட்டக் கூப்பிட்டார். பதினாலு வருடத்தில் அவனிடம் அவர் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. "மேடத்தைப் பாத்துக்குங்க மாப்பிள்ளை." அவ்வளவுதான். அதற்கு ஒரு வாரம் முன்னால் சுகந்தியிடம், நாய்தானே, எங்கேயாவது காப்பகத்தில் விட்டால் ஆகாதா என்று கேட்டவன் அவன். அது அவர் காதுக்குப் போயிருக்குமோ. போயிருக்கும். அவர் காது டெலிபோன் காது.

போன் அடித்தது. சுகந்திதான். "சாப்பிட்டாளா?" "இல்ல." "நெய் விட்டீங்களா?" "நெய்யில சோறு மிதக்குது சுகந்தி. அத்தை எப்படி இருக்காங்க?" "அதை ஏன் கேக்கறீங்க. இங்கயும் அதே கதைதான். காபி குடிக்கிறாங்க, ரொட்டி திங்கிறாங்க, சோத்தைக் கொண்டுபோனா பசிக்கலன்னு மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. நேத்தும் அப்படியே டப்பா திரும்பிடுச்சு. எழுந்து நடக்க வைக்கணும், தெம்பு வேணாமான்னு டாக்டர் என்னைத் திட்டுறாரு. மேடம் சாப்பிட்டாளா, மேடம் சாப்பிட்டாளான்னு மட்டும் அரை மணிக்கொரு தடவை கேக்கறாங்க. நான் சாப்பிட்டான்னு சொல்லி வெச்சிருக்கேன்." போனை வைத்துவிட்டாள். பொய் வேறு சொல்லியாயிற்று. மேடம் எழுந்தாள். அவன் மனம் துள்ளியது. அவள் தட்டைத் தாண்டிப் போனாள், பால்கனிக் கதவு வரைக்கும் போனாள், கண்ணாடியில் மூக்கை வைத்தாள், திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். இதுவும் மூன்று நாளாக நடக்கிறது. ஒன்றுக்குப் போக வேண்டுமோ என்று ஒவ்வொரு தடவையும் லிஃப்டில் கீழே கூட்டிக்கொண்டு போய், இடது பக்கம் விட்டு, வேப்பமரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்ததுதான் மிச்சம். போகும்போதும் சரி, வரும்போதும் சரி, இவனுக்குத்தான் வேலை என்பதுபோலக் கூட வந்தாள்.

பசித்தது. காலையிலிருந்து அவனும் ஒன்றும் சாப்பிடவில்லை, இவள் சாப்பிட்டால் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டான், இப்போது குக்கரில் சோறு இருக்கிறது, ரசம் இருக்கிறது, இவளை முன்னால் வைத்துக்கொண்டு எப்படித் தட்டைப் போடுவது. சோறு தயாராக இருந்தும் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருக்கிற இந்தப் பசி அவனுக்குப் புதிதில்லை. எங்கே, எங்கே இந்தப் பசி. லால்குடியில். கல்யாணமான புதிதில் முதல் விருந்தன்று இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று, சமையல் வாசனை தெருவரைக்கும் போகிறது, மாமியார் மட்டும் ஒரு பிடி சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். பத்து நிமிடம். புது மாப்பிள்ளை வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மேலே இருந்து குரல் வருகிறது. கா... கா... முப்பது வருடம் ஊர் ஊராகக் கூப்பிட்ட குரல், தெரு முழுக்கக் கேட்கிறது. காக்கா வந்து வாய் வைக்கிறவரை அந்த வீட்டில் யாருக்கும் சோறு கிடையாது. அவனுடைய அப்பா பகுத்தறிவு மேடைகளில் பேசியவர், மகனுக்கு மதியழகன் என்று பெயர் வைத்தவர், செத்தவர் காக்காயாக வருவார் என்றால் செத்த காக்கா என்னவாக வரும் என்று கேட்டுக் கைத்தட்டல் வாங்கியவர். அவர் மகன் ஒரு காக்காய்க்காகக் காத்திருந்தான். கோபம் வந்தது, காட்டவில்லை. பிறகு மேடம் வந்தபின் அந்தக் கோபம் இரண்டு மடங்கானது, ஏனென்றால் முதலில் காக்கா, அடுத்தது நாய், மூன்றாவதுதான் மாப்பிள்ளை. மாமியார் படி இறங்கி வருவார், மேடத்தின் தட்டில் சோற்றைப் போடுவார், அப்புறம் இவன் பக்கம் திரும்பி, "நீங்க உக்காருங்க மாப்பிள்ளை" என்பார். ஒருமுறை கேட்டே விட்டான், இது எதுக்கு அத்தை என்று. சாமி, பித்ரு என்று ஏதாவது சொல்வார், ஒரு பிடி பிடிக்கலாம் என்று காத்திருந்தான். அவர் சொன்னார், "எக்ஸ்சேஞ்சுல ஒருத்தி சாப்பிட்டு வந்து உக்காந்தாத்தான் அடுத்தவ எழுந்திரிக்கலாம். பழகிப்போச்சு. நமக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு இறங்குது." அதில் மறுத்துப் பேச எதுவும் கிடைக்கவில்லை, அதுவும் ஒரு கோபம். அந்தப் பத்து நிமிடமும் மேடம் எங்கே இருப்பாள். மாடிப்படிக்குக் கீழே. முதல் படிக்கு எதிரே உட்கார்ந்து, மூக்கைத் தூக்கி, மேலே பார்த்துக்கொண்டு.

மேலே பார்த்துக்கொண்டு.

அவன் நிமிர்ந்தான். மேடம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். விசிறி இல்லை, விசிறியே இல்லை. பதினோரு வருடமாக இவள் ஒரு நாள்கூடக் காக்காய்க்கு முன்னால் சோற்றில் வாய் வைத்ததில்லை. பாலுக்குக் காக்கா கிடையாது, அதனால் பால் இறங்குகிறது. இரண்டு பக்கக் குறிப்பில் பழுப்புத் துண்டு இருக்கிறது, எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது, இது இல்லை, எப்படி இருக்கும், இது நாயைப் பற்றிய விஷயம் என்று யாருக்குத் தோன்றும். மூச்சு விடவும் என்று யாராவது எழுதி வைப்பார்களா. முட்டாளே, என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தான், பிடித்துக்கொண்ட முதுகு ஒரு வெட்டு வெட்டியது, குக்கரைத் திறந்து ஒரு பிடி சோற்றைக் கிண்ணத்தில் போட்டுப் பருப்பை ஊற்றிக்கொண்டு பால்கனிக்கு ஓடினான். ஓடி, நின்றான். வலை. புறா எச்சத்தை இரண்டு வருடம் கழுவிச் சலித்து, அசோசியேஷன் கூட்டத்தில் சண்டை போட்டு, நாலாவது மாடியிலேயே முதல் ஆளாக அவன் கட்டிய நைலான் வலை, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, ஒரு குருவிகூட நுழைய முடியாது, ஆள் வைத்துச் சோதித்து வாங்கிய வலை. மேடம் பின்னாலேயே வந்து கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு இருபத்தைந்து. அவன் உள்ளே போய்ச் சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து வந்தான். முதல் கண்ணியை வெட்டும்போது கொஞ்சம் கைகூசியது. அதற்கப்புறம் கூசவில்லை, ஒரு ஜன்னல் அளவுக்கு வெட்டிச் சுருட்டி ஓரமாகக் கட்டினான், கைப்பிடிச் சுவர் மேல் சோற்றை வைத்தான், தொண்டையைக் கனைத்தான். கூப்பிட வேண்டும். எழுபது பையன்களை அடக்கிய குரல் வரவில்லை. கா, என்றான், தனக்கே கேட்காமல். அப்பா மேலே இருந்தால் சிரிப்பார். மேலே இருந்தால் என்ற பேச்சே தப்பு என்றும் சொல்வார். கா, என்றான் மறுபடி. பக்கத்து பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஜமீலா எட்டிப் பார்த்தார். "என்ன சார், இன்னைக்கு உங்க வீட்ல விசேஷமா?" "இல்லைங்க. நாய்க்கு." "நாய்க்கா?" "காக்கா சாப்பிட்டாத்தான் அது சாப்பிடும்." ஜமீலா ஒரு கணம் யோசித்தார், ஏதோ நியாயமான விஷயத்தைக் கேட்டவர் மாதிரி தலையாட்டினார். "அப்ப இப்படிக் கூப்பிட்டா எப்படி சார் கேக்கும்? எதிர் பில்டிங் தண்ணித்தொட்டி மேலதான் எல்லாம் உக்காந்திருக்கும். வயித்துலேர்ந்து கூப்பிடுங்க." அவன் கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து, பசித்த வயிற்றிலிருந்து கூப்பிட்டான். கா... கா... கா...

கால் பக்கம் ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தான். மேடம் எழுந்து நின்றிருந்தாள், வால் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம், அதற்கு மேல் இல்லை, அளவோடு ஆட்டினாள். மூன்று நாளில் முதல் தடவையாக அவள் பார்வையில் ஒரு தளர்வு தெரிந்தது, ஒருவழியாகப் புரிந்ததே இந்த மனிதனுக்கு என்பது போல. எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், தட்டைக் காட்டி, மேலே காட்டி, கதவு வரைக்கும் போய்க் காட்டி, அவனைப் போன்ற மக்கு மாணவன் அவளுக்கு வாய்த்ததே இல்லை, ஆனாலும் பொறுமை இழக்கவில்லை, ஒரு தடவைகூட உறுமவில்லை. அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். முதலில் ஒரு புறா வந்தது, ஜமீலா துண்டை வீசி விரட்டினார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒன்று எழும்பியது, ஒரு சுற்றுச் சுற்றி, வலையில் இருந்த ஓட்டையைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. போகாதே, என்றான். வாயேன், என்றான். வாழ்க்கையில் யாரையும் அவன் அப்படிக் கெஞ்சியதில்லை. திரும்பி வந்தது, கழுத்து சாம்பல் நிறமாக, கொஞ்சம் மெலிந்த காக்கா, சுவர்மேல் பக்கவாட்டில் இரண்டு தத்து தத்தி, தலையைச் சாய்த்து அவனைப் பார்த்து, சோற்றில் ஒரு கொத்து. இன்னொரு கொத்து. பிறகு தலையைத் தூக்கி மற்றவர்களைக் கூப்பிட்டது. அவன் திரும்பினான். பால்கனியில் மேடம் இல்லை. சமையலறையிலிருந்து எவர்சில்வர் தட்டு தரையில் நகரும் சத்தம் கேட்டது. கிர்ர், கிர்ர் என்று சுவர்வரை தள்ளிக்கொண்டு போய்த் தின்றாள், அவ்வளவு நேரமும் காட்டாத பசியையெல்லாம் இப்போது காட்டினாள், அவன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான், கண் கலங்கிவிட்டது, கலங்கினால் என்ன. தட்டு காலியானபோது வெள்ளையாக ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. மாத்திரை. நக்கிச் சுத்தம் செய்து, ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குக்கரிலிருந்து கொஞ்சம் சோறு எடுத்து, நெய்யில் உருட்டி, மாத்திரையை நடுவில் ஒளித்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "மேடம், இதையும் சாப்பிட்டுடுங்க." அவள் உருண்டையை முகர்ந்தாள், அவனை நிமிர்ந்து பார்த்தாள், உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்தே வாங்கிக்கொண்டாள். அவன் உள்ளங்கை ஈரமாயிற்று.

அந்தக் கையோடு நின்றுகொண்டிருக்கும்போதுதான் அது தோன்றியது. ஆஸ்பத்திரியில் மாமியாருக்கும் காபி இறங்குகிறது, ரொட்டி இறங்குகிறது, சோறு மட்டும் இறங்கவில்லை. ஏசி அறை, திறக்காத கண்ணாடி ஜன்னல். அவன் ஈரக் கையாலேயே சுகந்தியைக் கூப்பிட்டான். "அத்தைகிட்ட போனைக் குடு." "சாப்பிட்டாளா?" "குடு, சொல்றேன்." போன் கை மாறும் சத்தம். "மாப்பிள்ளை?" குரல் மெலிந்திருந்தது. அவன் பால்கனிக்கு வந்தான். மூன்று காக்காய்கள் இருந்தன, கத்திக் கத்தி ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன. வெட்டிய வலைக்கு வெளியே போனை நீட்டிக் கொஞ்ச நேரம் பிடித்தான். பிறகு காதில் வைத்தான். "காக்கா எடுத்துடுச்சு அத்தை," என்றான். "மேடம் சாப்பிட்டாச்சு, மாத்திரையும் போட்டாச்சு." "யாரு கூப்பிட்டா?" என்றார் மாமியார். "நான்தான்." "நீங்களா?" "நான்தான் அத்தை." போனைக் கொஞ்சம் தள்ளிவைத்து அவர் சொல்வது கேட்டது, "சுகந்தி, அந்தச் சோத்து டப்பாவை இப்படி எடு." மூடி திறக்கும் சத்தம், கரண்டி படும் சத்தம். பிறகு குரல் மறுபடி கிட்ட வந்தது, பதினோரு வருடமாக அவன் மூன்றாவதாகக் கேட்டுவந்த அதே வார்த்தை. "நீங்க உக்காருங்க மாப்பிள்ளை." "இல்ல அத்தை," என்றான். "முதல்ல நீங்க சாப்பிடுங்க. எனக்கு அப்பத்தான் இறங்கும்."